அடுத்த படம்

"இது ஷாங்காய் அக்கா. ஆத்துக்கு இந்தக் கரையில நின்னு எடுத்தது. பின்னாடி தெரியுது பாரு, அத்தனையும் ஆபீஸ் கட்டடம்."

தம்பி மொபைலைத் தண்ணீர் ஜாடியில் சாய்த்து வைத்தான். அக்கா குனிந்து பார்த்தாள், கட்டடங்களை அல்ல. தம்பியின் தோளுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்த கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள்.

"ம். அடுத்தது காட்டு."

அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டன், ஜிப் கொள்முதலுக்காகச் சீனாவுக்குப் போய்விட்டு நேற்றுதான் திரும்பியிருந்தான் தம்பி. இன்று மூன்று மணிக்கு வரச் சொன்னவள் அவள்தான். அந்த நேரத்தில் கணவர் லேத் பட்டறையில் இருப்பார், ஆறு மணிக்கு முன்னால் தலை காட்ட மாட்டார் என்ற கணக்கு. ஆனால் மனுஷர் இரண்டரைக்கே வந்து நின்றார். "இன்னிக்கு வேலை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, இருவருக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டு நந்தி மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

அவரை வைத்துக்கொண்டு பையனைப் பற்றி எப்படிக் கேட்பது?

ஐந்து வருஷமாயிற்று. "பட்டறைக்கு வர மாட்டேன், வேற படிப்பு படிச்சுக்கறேன்" என்று பையன் எதிர்த்து நின்றான். வார்த்தை தடித்தது. "போனா போனதுதான். இனிமே அவன் பேரை இந்த வீட்ல யாரும் எடுக்கக் கூடாது" என்றார் இவர். அவனும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன். போனவன் போனவன்தான், ஒரு போன் இல்லை. ஷாங்காயில் வேலை பார்க்கிறான் என்று அவனுடைய சிநேகிதன் ஒருவன் வாயிலிருந்து போன மாதம்தான் அவள் பிடுங்கினாள். தம்பி கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படியாவது பார்த்துட்டு வாடா. அத்தானுக்கு மட்டும் தெரிய வேண்டாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"இது சியான். பழைய கோட்டை மதில். மேல ஏறினா சைக்கிள்லயே ஊரைச் சுத்தி வரலாம்."

"குளிர் அதிகமோ?" என்றார் கணவர்.

"குளிர்தான் அத்தான். நல்ல கோட்டு இருந்தா சமாளிச்சிடலாம். இருக்கு."

"சாப்பாடு?"

"நமக்குப் பிடிச்சதை நாமே சமைச்சுக்க வேண்டியதுதான். கத்துக்கிட்டா கஷ்டமில்ல."

இந்த மனுஷருக்கு இன்றைக்கென்று இவ்வளவு ஆர்வமா என்று அவளுக்கு எரிச்சல் வந்தது. பக்கத்துத் தெருவில் நடந்ததைக்கூடக் கேட்காதவர்.

"ஏங்க, பின்னாடி மோட்டார் ஓடற மாதிரி இருக்கு. போய் நிறுத்திட்டு வாங்களேன்."

"அப்பவே நிறுத்திட்டேன். நீ போய்க் காபி போட்டுட்டு வா."

வேறு வழியில்லாமல் சமையலறைக்கு ஓடினாள். பால் பொங்குவதற்குள் நாலு முறை எட்டிப் பார்த்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார்கள். அவள் தம்ளர்களோடு வந்ததும் கப்பென்று நிறுத்திக்கொண்டார்கள். தம்பி உளறித் தொலைத்துவிட்டானோ?

"இது அதே ஊர்ல, பழைய ராஜா சமாதிக்குக் காவலா செஞ்சு வச்ச மண் சிப்பாய்ங்க அக்கா. ஆயிரக்கணக்குல நிக்கறாங்க. ஆனா ஒரு முகம் மாதிரி இன்னொரு முகம் கிடையாது."

ஆயிரம் முகம் இருந்து என்ன? அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கண்ணால் ஜாடை காட்டினாள். தம்பி காபியை ஊதினான். மேஜைக்கு அடியில் காலை மிதித்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டு, "இது பெய்ஜிங்" என்றான்.

ரயில் நிலையம், சுரங்கப்பாதை, பனி படிந்த பாலம். கணவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மணி ஐந்து. தம்பி மொபைலை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

"அப்ப நான் கிளம்பறேன்."

அவளுக்குப் பொறுக்கவில்லை. மொபைலை அவன் கையிலிருந்து வாங்கினாள். படங்களைப் பின்னால் இருந்து வேகவேகமாகத் தள்ளினாள். பெய்ஜிங்கில் தம்பி. சியானில் தம்பி. ஷாங்காயில் தம்பி.

"எல்லாத்துலயும் நீதான் கையைக் கட்டிட்டு நிக்கற. தனியாத்தானே போன? அப்ப இதையெல்லாம் யாருடா எடுத்தது?"

தம்பி அத்தானைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். மறுபடியும் உட்கார்ந்தான்.

"அவன்தான்க்கா. பத்து நாள் லீவு போட்டுட்டு ஊர் ஊரா என்கூடவே வந்தான். ஒவ்வொரு படம் எடுக்கும்போதும், இதை அம்மா பார்ப்பாங்களான்னு கேட்டான்."

அவளுக்குக் கணவர் பக்கம் திரும்பப் பயமாக இருந்தது. ஆனாலும் திரும்பினாள். இத்தனை வருஷம் அடக்கியது போதும்.

"இவன் மேல தப்பில்லைங்க. நான்தான் தேடிப் பார்க்கச் சொன்னேன். என் பிள்ளையை நான் தேடாம யார் தேடுவா? திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

கணவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

தம்பிதான் மெல்லச் சொன்னான். "அவ்வளவு பெரிய ஊர்ல வெறும் பேரை வச்சுக்கிட்டு நான் எங்கேக்கா தேடறது? பதினேழாவது மாடி, கதவு நம்பர் வரைக்கும் சீட்டுல எழுதிக் குடுத்து, அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்னு சொல்லி அனுப்பினது அத்தான்."