இரு நிறப் புள்ளிகள்

திரையின் வலது மேல் மூலையில் அவை இன்றும் தோன்றின.

சிறு கூட்டம். பச்சையும் சிவப்பும் ஒருங்கே ஏற்ற புள்ளிகள்.

டி செல்லைப் பற்றும் எதிர்ப்புரதத்தில் பச்சை ஒளிச்சாயம். பி செல்லைப் பற்றுவதில் சிவப்பு. குருதியின் காவற்படையான வெள்ளணுக்களில் எது எவ்வினம் என்பதை அவ்வொளியே சொல்லும். ஒரே செல்லின் உடலில் இரண்டும் ஒளிர்வது வழக்கில் இல்லை.

அவன் நான்கு ஆண்டுகளாகக் கண்டுவருகிறான்.

அம்மை பாதியான திருமேனியைப் பாடியே நாப்பழகியவன். அப்புள்ளிகளை முதன்முதல் கண்ட அன்று அவனுக்கு வியப்பு எழவில்லை. தெரிந்தவர் எதிர்ப்பட்டதுபோல் இருந்தது.

ஐயமும் எழவில்லை.

ஆய்வகத்தில் புதிதாய்ச் சேர்ந்த நிலோஃபர் கையுறையைக் கழற்றியபடி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, ஒட்டிக்கிட்டு வர்றதையெல்லாம் கழிச்சாச்சா? ஷேர் ஆட்டோவுல புருஷன் பொண்டாட்டி நெருக்கி உக்காந்தா ஒரே ஆளுன்னு எண்ணிடப் போறீங்க."

சிரித்துவிட்டுப் போனாள்.

அவன் சிரிக்கவில்லை.

செல்கள் எண்ணும் கருவியின் ஒளிக்கற்றையைத் தனித்தனியே கடக்க வேண்டும். இரண்டு ஒட்டிக் கடந்தால் கருவி ஒன்றென்றே கொள்ளும். அவற்றை விலக்கத் திரையில் ஓர் எல்லைக்கோடு வரைவது முறை.

முதலாண்டில் அவன் வரைந்தான். சற்றே தளர்வாக. அந்தப் புள்ளிகள் வெளியே போய்விடாதபடி.

அதன்பின் அதே கோட்டையே எடுத்தாண்டான்.

இப்போது இறுக்கி வரைந்தான்.

மூலை வெறுமையாயிற்று.

கோட்டைத் தளர்த்தினான். வந்தன. இறுக்கினான். மறைந்தன.

மாநாட்டு அரங்கில் அவனுடைய நெறியாளர், பேராசிரியை சௌந்தரவல்லி காத்திருந்தார். இரு நிறம் ஏற்ற ஒரு செல்லை இன்று உலகுக்கு அறிவிக்கப் போகிறவர். பழைய படம் அவரிடம் இருந்தது. இன்று காலைப் படத்தையும் கேட்டிருந்தார். அவனுடைய முனைவர் பட்டமும் அதை நம்பித்தான் இருந்தது.

வெறுமையான படத்தை அனுப்பினான்.

கைப்பேசி உடனே ஒலித்தது.

"என்னப்பா, மூலை காலியா கெடக்கு? அவசரத்துல வேற படத்த அனுப்பிட்டியா?"

"இல்ல மேடம். இதுதான். அதெல்லாம் ரெண்டு ரெண்டா ஒட்டிக்கிட்டு வந்தது. நான்தான் சரியா கழிக்கல."

அவருக்குப் பின்னே யாரோ ஒலிபெருக்கியில் அவர் பெற்ற விருதுகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷம்டா," என்றார்.

பின் கைதட்டல் எழுந்தது. செருப்போசை. மேடைப் பலகையின் அதிர்வு.

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. மறந்தாரோ, வேண்டுமென்றே விட்டாரோ.

தொலைவிலிருந்து அவர் குரல் கேட்டது. வணக்கம் சொன்னது. சிறிது தயங்கியது.

"வலது மேல் மூலையைப் பாருங்க. காலியா இருக்கு."

அவன் மூச்சை அடக்கிக் கேட்டான்.

யாரோ இருமினார். நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது.

கைதட்டல் எழவில்லை.

அவன் கண்களை மூடிக்கொண்டான்.