கண்ணுக்குள் குடை

கல்யாணப் படம் எடுக்கும் அல்போன்ஸைப் பேட்டி காண வந்த பெண், "உங்க தொழில் ரகசியம் என்ன சார்?" என்று கேட்டாள்.

"பொண்ணோட கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழணும்மா. இல்லேன்னா அது கருவாட்டுக் கண்ணு" என்றார், கணினித் திரையிலிருந்து பார்வையை எடுக்காமல்.

திரையில் யாரோ ஒரு மணப்பெண்ணின் கருவிழி கதவளவுக்கு விரிந்திருந்தது. அதற்குள் பிரதிபலிப்பாக, வெளிச்சத்துக்குப் பிடிக்கும் வெள்ளை விளக்குக்குடை ஒன்று. குடைக்குக் கீழே நீலச் சேலையும் இரண்டு பாதங்களும். குடையைப் பிடித்திருப்பவள், எல்லாக் கல்யாணத்துக்கும் அவரோடு போகும் அவர் மனைவி செபத்தி. செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போனவள் இன்னும் வீடு திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ கேட்டார்கள். ஊரையே படம் எடுத்தவரிடம் அவளுடைய ஆதார் அட்டைதான் இருந்தது. அதைப் பார்த்த ஏட்டு, "இது யாரு, உங்க அண்ணனா?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து அல்போன்ஸ் மணப்பெண்களின் கண்களைத்தான் துழாவிக்கொண்டிருக்கிறார்.

"எல்லாக் கண்ணுலயும் நிக்கிறா. குடைதான் மூஞ்சிய மறைக்குது."

"ஒண்ணுல கூடவா தெரியல?"

"ஒருதடவ பொண்ணு அழுதுச்சுன்னு குடைய இறக்கிட்டு எட்டிப் பாத்தா. 'தூக்குடி'ன்னு கத்தினேன். கண்ணுல வெளிச்சமில்லன்னு அந்தப் படத்த நாந்தான் அழிச்சேன்."

அடுத்த மணப்பெண்ணின் கண்ணைத் திறந்தார். மறுபடியும் குடை, நீலச் சேலை, பாதங்கள். பேட்டிக்கு வந்தவள் பக்கத்தில் இருப்பதையே மறந்து திரையோடு முகத்தை ஒட்டிக்கொண்டார்.

"கொஞ்சம் இறக்கு செபத்தி. சத்தம் போட மாட்டேன்."