பிராங்க்ளின் காப்பாற்றிய குழந்தை

கல்லறைத் திருநாளன்று அருள்ராஜ் வைத்த சாமந்தி மாலையை ஜெபராஜ் எடுத்து ஓரமாகத் தரையில் வைத்தார்.

"என் மகனுக்கு நீ பூப் போட வேண்டாம், தம்பி."

இது நாலாவது வருஷம். முதல் மூன்று வருஷமும் அவர் போன பிறகுதான் வந்தான். இந்த வருஷம் அவரிடம் பேச ஒரு விஷயம் இருந்தது.

கல்லில் எழுதியிருந்தது: 'பிராங்க்ளின், வயது 24. கொள்ளிடம் வெள்ளத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்றி உயிர் கொடுத்தவன்.'

"அங்கிள், ஃபெமினா விஷயமா..."

"அவ சொன்னா. அண்ணன் சாகறப்ப பாலத்துல நின்னு வேடிக்கை பார்த்தவனையா கட்டிக்கப் போறேன்னு கேட்டேன்."

மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஃபெமினா நிமிர்ந்தாள். "அவருக்கு நீச்சல் தெரியாதுப்பா."

"நீயும் அவனும் என் வீட்டுல குப்புறப் படுத்துக்கிட்டு எத்தனை சாகசக் கதை படிச்சீங்க? அதுல கதாநாயகன் குதிச்சா, கூட்டாளி நீச்சல் தெரியுமான்னு யோசிச்சுக்கிட்டா நிப்பான்?"

"இல்லைங்க."

"அவன் படிச்சபடி செஞ்சான். நீ படிச்சதோட சரி."

பக்கத்துக் கல்லறைக்கு வந்திருந்த லூர்துராணி டீச்சர் திரும்பிப் பார்த்தார். ஜெபராஜ் குரலைத் தணிக்கவில்லை.

"விடியக்காலை, வேற யாரும் இல்லை டீச்சர். குழந்தையைக் கரையில தள்ளிவிட்டுட்டுத்தான் அவன் முங்கினான்னு இவன்தான் சொன்னான். பார்க்க மட்டும் நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"குழந்தையோட ஆளுங்க யாராவது வந்தாங்களா?"

"ஒருத்தரும் எட்டிப் பார்க்கலை. போகட்டும். அது எங்கயோ ஸ்கூலுக்குப் போயிக்கிட்டிருக்கும்னு நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது."

வாசல் வரை ஃபெமினா அருள்ராஜோடு நடந்தாள்.

"நீங்களும் இறங்கினீங்க, தண்ணி இழுத்துடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? அப்பா மனசு மாறிடும்."

"சொல்றதுக்கு ஒண்ணுமில்லை, ஃபெமினா."

"அப்ப எடமலைப்பட்டி புதூர்ல பார்த்திருக்கிற மாப்பிள்ளைக்குச் சரின்னு சொல்லிடுவார்."

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு அப்பாவைக் கைபிடித்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அருள்ராஜ் பைக்கில் உட்கார்ந்து செல்போனை எடுத்தான். யாருக்கும் காட்டாத வீடியோ, நாற்பத்தொரு விநாடி.

பாலத்துக் கைப்பிடிச் சுவர்மேல் பிராங்க்ளின் தள்ளாடுகிறான். கையில் பாட்டில். "எடுடா. கதாநாயகன் குதிக்கப் போறான்."

"இறங்குடா. கால்ல வேணா விழறேன், இறங்கு." இது அருள்ராஜின் குரல்.

பிராங்க்ளின் சிரித்துக்கொண்டே குதிக்கிறான். கீழே வெள்ளம் மட்டும் போய்க்கொண்டிருக்கிறது. குழந்தை எதுவும் இல்லை.

ஒருமுறை முழுதாகப் பார்த்தான். பிறகு அதை அழித்தான்.