பதினொரு வசவுகள்

செவ்வாய்க்கிழமை மதியம் அந்த அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். கட்டிலில் மெர்வ் டிரான்டர். சுற்றிலும் கீத், ஆல்ஃப், நார்ம். நால்வரும் நாற்பது வருடம் ஒரே கொட்டகையில் ஆட்டு ரோமம் கத்தரித்தவர்கள். ஐந்தாவது ஆள் நர்ஸ் மார்லிஸ். அமெரிக்காவிலிருந்து அந்த ஆஸ்திரேலியச் சிற்றூருக்கு வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது.

"இன்னும் சாகலையாடா, அப்பன் பேர் தெரியாத பயலே?" என்றார் கீத்.

"உன்னைப் புதைச்சிட்டுத்தான்டா போவேன்" என்றார் மெர்வ், சூப்பை உறிஞ்சிக்கொண்டே.

மூவரும் மாற்றி மாற்றித் திட்டினார்கள். மார்லிஸ் ஒவ்வொன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டாள். மொத்தம் பதினொன்று.

கீத்தை வெளியே அழைத்தாள்.

"அவர் வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கிட்டவர். எங்க ஊர்ல இப்படிப் பேசினா பல்லை உடைச்சிடுவாங்க. இனிமே மரியாதையா பேசுங்க. இல்லேன்னா இந்தத் தாள் மேலிடத்துக்குப் போகும். உங்களை உள்ளேயே விடமாட்டாங்க."

கீத் தொப்பியைக் கையில் சுற்றினார்.

"சிஸ்டர், நீங்க வந்த புதுசுல, உங்க ஊரு அணிக்கு ஆதரவுங்கிறதை 'ரூட் பண்றேன்'னு எங்ககிட்ட சொன்னீங்க. இங்க அந்த வார்த்தைக்கு அர்த்தமே வேற, படுக்கையறைச் சமாச்சாரம். நாங்க வெளியே போய்ச் சிரிச்சிட்டு வந்தோம். தாள்ல எழுதலை."

மார்லிஸுக்குக் காது சிவந்தது. ஆனாலும் விடவில்லை.

வியாழக்கிழமை மதியம் மூவரும் தலை வாரி, சட்டை மாற்றி வந்தார்கள்.

"வணக்கம் திரு. டிரான்டர். பார்க்க நல்லா இருக்கீங்க" என்றார் கீத்.

"வெயில் கம்மியா இருக்குங்க" என்றார் ஆல்ஃப்.

நார்ம் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

மெர்வ் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். கரண்டியைக் கீழே வைத்தார். பத்து நிமிடத்தில் மூவரும் போய்விட்டார்கள்.

அன்று மதியமும் இரவும், மறுநாள் மதியமும் இரவும், நான்கு கிண்ணம் சூப் அப்படியே திரும்பியது.

சனிக்கிழமை மதியம் மெர்வ் கேட்டார்: "சிஸ்டர், எனக்கு இன்னும் எத்தனை நாள்?"

"என்ன பேச்சு இது? புண் ஆறிடுச்சு. சாப்பிட ஆரம்பிச்சா அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம்."

"பொய் சொல்லாதீங்க. கீத் எனக்கு வணக்கம் சொன்னான். இத்தனை வருஷத்துல அவன் ஒரே ஒருத்தன்கிட்டதான் மரியாதையா பேசியிருக்கான். எங்க கூட்டாளி ப்ளூயிகிட்ட. இதே கட்டில்ல. டாக்டர் கைவிட்ட மறுநாள்."

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்லிஸ் வெளியே போய் கீத்துக்கு போன் செய்தாள். அவர் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். மேஜையில் சூப் ஆறிக்கொண்டிருந்தது.

பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தாள். முதல் வரியைப் படித்தாள். முகமெல்லாம் சிவக்க, கட்டிலருகே போய் நின்றாள்.

"எழுந்து சாப்பிடுடா, அப்பன் பேர் தெரியாத பயலே!"

மெர்வ் சட்டென்று திரும்பினார். அவளையே பார்த்தார். பிறகு தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"சொல்ற விதம் இன்னும் பழகணும் சிஸ்டர்" என்று கரண்டியை எடுத்தார்.

கிண்ணம் காலியானது. மருந்து கொடுத்த வேளையைக் குறிப்பது போல மார்லிஸ் தாளில் முதல் வரியை அடித்தாள்.

மிச்சம் பத்து இருந்தது.