நாலு தினுசு அரிசி

"இது திருட்டு அரிசி. நான் வாங்க மாட்டேன்!"

ஆராதனை முடிந்து அரை நிமிஷம்கூட ஆகவில்லை, பெண்கள் சங்கச் செயலாளர் நேசபாய் ஆரம்பித்துவிட்டாள்.

எழுபத்தெட்டாம் வருஷம், கொச்சி மட்டாஞ்சேரி தமிழ்ச் சபையில் மாதக் கடைசி ஞாயிறு என்றால் கைப்பிடி அரிசி நாள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை டப்பாவில் ஒதுக்கி வைத்து, அன்றைக்குக் கொண்டுவந்து பெரிய அண்டாவில் கொட்ட வேண்டும். போதகர் அதை ஏழை வீடுகளுக்குக் கொடுப்பார். எந்த வீடு என்று யாரிடமும் மூச்சு விடமாட்டார்.

நேசபாயின் கையில் இருந்தது பேச்சியின் டப்பா. பேச்சிக்கு பஜாரில் அரிசி மூட்டை அடுக்கும் கிட்டங்கியைக் கூட்டுகிற வேலை.

"எல்லாரும் பாருங்க! வெள்ளை, சிவப்பு, குருணை, ரேஷன் புழுங்கல். ஒரு வீட்டுல நாலு தினுசாவா சோறு பொங்குவாங்க? கிட்டங்கியில மூட்டைக்கு ஒரு பிடி கிள்ளியிருக்கா!"

பேச்சி பதறிப்போனாள். "ஐயோ அக்கா, சத்தமாச் சொல்லாதீங்க. முதலாளி காதுல விழுந்தா என் வேலை போயிரும்."

"போகட்டுமே! வண்டு வேற ஊருது. கர்த்தருக்குக் கொடுக்கிற லட்சணமா இது?"

கிளம்பிப் போனவர்கள்கூடத் திரும்பி வந்து நின்றார்கள். பின்னே, ஞாயிற்றுக்கிழமை சாயாவுக்கு முன்னால் இதைவிட ருசியாக என்ன கிடைக்கும்?

போதகர் வேகமாக வந்தார். "டப்பாவைக் கீழே வையம்மா. அந்த அரிசி எங்கேயிருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும்."

"எங்கேயிருந்து ஐயா?"

போதகர் மாட்டிக்கொண்டார். சொன்னால் கொடுத்த வாக்கு போய்விடும். சொல்லாவிட்டால் பேச்சியின் பேர் போய்விடும். மனுஷர் திருதிருவென்று விழித்தார். பார்த்த பேச்சிக்கே பாவமாகிவிட்டது.

"நானே சொல்லிருதேன் ஐயா, இதுல என்ன வெட்கம்? ரெண்டு மாசம் முன்னே எங்க வீட்டுக்காரர் மேல மூட்டை சரிஞ்சு இடுப்பு போச்சுல்லா? அப்போலேர்ந்து ஐயாதான் இந்த அண்டாவுல இருந்து ஒரு பை அரிசி தாறாங்க. உங்க எல்லார் வீட்டு அரிசியும்தான் அக்கா அது! அதுலதான் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வச்சேன். என்னைவிட இல்லாதவங்க யாராவது இருப்பாங்கல்லா?"

உச்சுக்கொட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் மெல்ல முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள்.

"வண்டுதான் போகவே மாட்டேங்குது அக்கா. மூணு தடவை புடைச்சுப் பார்த்துட்டேன். யார் வீட்டு அரிசியோ... பாவம், அவங்களுக்கு என்ன கஷ்டமோ!"

போதகர் பேச்சியின் டப்பாவை வாங்கி, தன் கையாலேயே அண்டாவில் கொட்டினார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"சரி, அடுத்த டப்பா யாருது?"

அடுத்தது நேசபாயின் டப்பா. அது அதற்குள் அவள் முந்தானைக்குள் போயிருந்தது. அவளும் வாசலைப் பாதி தாண்டியிருந்தாள்.

"இதோ ஓடி வந்துருதேன் ஐயா! இந்தத் தடவை நாங்க சாப்பிடுற அரிசியில இருந்தே எடுத்துட்டு வாறேன்!"