ஒரு கோடுகூட வேண்டாம்

“செல்போன் டவரே இல்லாத இடமா இருக்கணும், மேடம்,” என்றான் அவன். சொல்லி முடிப்பதற்குள் சட்டைப் பையில் போன் அடித்தது.

எழுந்து நின்று எடுத்தான். “சார்... பேங்க்ல இருக்கேன் சார். செம கூட்டம் சார். பச்சை ஃபைல் ரெண்டாவது டிராயர்ல இருக்கு சார்.” வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

சாகசச் சுற்றுலாவுக்கு ஆள் அனுப்பும் அலுவலகம் அது. சுவர் முழுக்க நாட்டின் வரைபடம். மேலே பனிமலை, நடுவில் பாலைவனம், கீழே கடல் என்று கலர் கலராக ஊசி குத்தியிருந்தார்கள்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்மணி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “ஆத்துல ரப்பர் படகு போறீங்களா? பாறைக்குப் பாறை தூக்கிப் போடும். உயிர் போய் உயிர் வரும்.”

“டவர்?”

“கரையோரமா ரெண்டு மூணு இடத்துல கிடைக்கும்.”

“வேண்டாம்.”

“பாலைவனம்? பகல்ல ஒட்டகம், ராத்திரி கூடாரம். மணல்மேட்டு மேல ஏறி நின்னா மட்டும் போன்ல ஒரு கோடு தெரியும்.”

“ஒரு கோடு போதும் மேடம், உயிரை எடுக்க.”

“அப்ப கடலுக்கு அடியில போங்க. தண்ணிக்குள்ள யாரு கூப்பிடப் போறாங்க?”

“சாயங்காலம் மேல வரணுமே.”

பின்னால் ‘டக்’கென்று சத்தம். வாடிக்கையாளர் சோபாவில் இரண்டு ஊழியர்கள் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடி அறை, விளக்கில்லாமல் பூட்டிக் கிடந்தது.

“உங்க ஆபீஸ் ஜாலியா இருக்கே,” என்றான்.

“கொஞ்ச நாளா இப்படித்தான்.” பெண்மணி எழுந்துபோய், வரைபடத்தின் உச்சியில் இருந்த ஊசியைத் தொட்டார். “அப்ப உங்களுக்கு இது ஒண்ணுதான். பனிமலைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. கயிறு கட்டிப் பனியில ஏறணும். சாமான் கழுதை மேல வரும். பத்து நாள், உலகத்துக்கும் உங்களுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.”

அவன் முகம் முதல்முறையாகத் தெளிந்தது. “போட்டுடுங்க. அடுத்த மாசம் இருபதாம் தேதி கிளம்பணும். ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது.”

“அன்னிக்கு அப்படி என்ன விசேஷம்?”

“அந்த வாரம்தான் என் மனைவிக்குப் பிரசவம். முதல் குழந்தை.”

கேரம் சத்தம் நின்றது. பெண்மணி மெதுவாக வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, எனக்கு வியாபாரம் ஆகணும், அது வேற. ஆனா வாயை மூடிட்டு இருக்க முடியல. அந்தப் பொண்ணு ஆஸ்பத்திரியில வலியில துடிக்கும். நீங்க அந்த நேரம் கயித்துல தொங்குவீங்களா?”

“ஏதாவது ஒண்ணுன்னா கூப்பிடக்கூட முடியாதே பாஸ்,” என்றார் சோபாவில் இருந்த ஊழியர்களில் ஒருவர்.

“கூப்பிடக் கூடாதுன்னுதானே இவ்வளவு தூரம் தேடறேன்.”

“நல்லா வாய்ச்சுது அந்தப் பொண்ணுக்கு.” பெண்மணி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். விரல்கள் விசைப்பலகையைக் குத்தின. “பனிக்குப் போடற பூட்ஸ் நாங்களே தருவோம். சைஸ் சொல்லுங்க.”

“பதினொண்ணு.”

அவர் குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்தார். “உங்க காலுக்கு ஏழே அதிகம்.”

“போறது நான் இல்ல மேடம். எங்க மேனேஜர்.”

அவனே தொடர்ந்தான். “இந்த வருஷத்தோட அவருக்கு சர்வீஸ் இருபத்தஞ்சு. சின்ன வயசுல மலை ஏறினேன், கரடியைத் துரத்தினேன்னு தினம் ஒரு கதை விடுவார். பரிசுன்னு நீட்டினா மாட்டேன்னு சொல்ல முடியாது. எல்லாரும் சேர்ந்து காசு போட்டிருக்கோம். வாட்ச்மேன்கூட.”

“நீங்க லீவு போட்டா முடிஞ்சுதே தம்பி.”

“கல்யாணத்துக்கும் லீவுதான் போட்டேன். மேடையில நிக்கறப்போ போன் பண்ணி பாஸ்வேர்ட் கேட்டார்.” அவன் குரல் தாழ்ந்தது. “போன மாசம் ஸ்கேன் எடுத்தாங்க. குழந்தை கையை அசைச்சுதாம். அவ மட்டும்தான் பார்த்தா. நான் வராண்டாவுல நின்னு பச்சை ஃபைல் எங்க இருக்குன்னு சொல்லிட்டிருந்தேன்.”

போன் மறுபடி அடித்தது. அவன் எழப் போனான். பெண்மணி கையை நீட்டி அதை வாங்கி, தன் டிராயருக்குள் போட்டு மூடினார். உள்ளே அது கொஞ்ச நேரம் வண்டு மாதிரி முனகிவிட்டு அடங்கியது.

“இருபதாம் தேதி, பூட்ஸ் பதினொண்ணு,” என்றார். “பதிவாயிடுச்சு. நிம்மதியா ஆஸ்பத்திரியில இருங்க.”

அவன் எழுந்தான். வாசல்வரை போய்த் திரும்பி வந்தான். போனை மறந்ததற்காக அல்ல.

“ஒரே ஒரு சந்தேகம் அக்கா. அங்க நிஜமாவே டவர் கிடைக்காதா? எதுக்கும் உங்க மேனேஜரை ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன்.”

சோபாவில் கேரம் சத்தம் மறுபடி தொடங்கியது. பெண்மணி பூட்டிக் கிடந்த கண்ணாடி அறையைப் பார்த்தார்.

“எப்படிக் கேக்கறது தம்பி, அவரை அங்கதானே அனுப்பி வெச்சிருக்கோம்.”