பாடகருக்கு விட்ட இடம்

லவெலின் விரல் நுனிகள் வீங்கி எரிந்தன. மெம்பிஸ் ஸ்டுடியோவின் நாலு பேர் கொண்ட வாத்தியக் குழுவில் ஒரு வாரமாக ஓயாமல் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். எப்போதும் முதலில் வாத்தியங்களைப் பதிவு செய்வார்கள். பாடகர் பிறகு வந்து குரல் கொடுப்பார். அதுவரை அவருடைய இடத்தில் ஆர்கன்காரன் ஹோரஸ் மெட்டை வாசித்து வைப்பான்.

"பாட்டெல்லாம் முடிஞ்சாச்சு. பாடுற மகராசன் எங்க?" என்றான் லவெல்.

"வருவாரு, வாசி," என்றார் முதலாளி கிளைட்.

"எத்தனையோ ரெக்கார்டுல வாசிச்சிட்டேன். ஒண்ணுலகூட என் பேரு இல்ல. பொண்டாட்டியே நம்ப மாட்டேங்குறா. இந்தத் தடவ ரெக்கார்டு அட்டைக்குப் பின்னாடியாவது போடுங்க."

"பின்னாடி போட மாட்டேன்."

லவெல் கிட்டாரைப் பெட்டியில் வைத்து மூடினான். "அப்ப பேஸையும் அந்த மகராசனையே வாசிக்கச் சொல்லுங்க."

கிளைட் சிரித்தபடி, அச்சுக்குப் போகவிருந்த அட்டையை நீட்டினார். முன்பக்கத்தில், போன மாதம் நால்வரும் மீன் வறுத்துத் தின்றபோது எடுத்த படம். கீழே நாலு பேரின் பெயர்களும் கொட்டை எழுத்தில் இருந்தன.

"பாடகரே கிடையாதுடா. இது உங்க ரெக்கார்டு. முன்னாடியே சொல்லியிருந்தா பயந்து வெறச்சுப்போய் வாசிச்சிருப்பீங்க."

ஹோரஸ் ஆர்கன்மேல் விழுந்து சிரித்தான். "அப்ப நான் இடம் புடிச்சு வெச்சது எனக்கேவா!"

லவெல் ஓடிப்போய் வீட்டுக்கு போன் போட்டான். "எர்லீன், என் பேரு அட்டை முகப்புலயே வருதுடி!"

அவள் போட்ட கூச்சல் ஸ்டுடியோ முழுக்கக் கேட்டது. பிறகு சொன்னாள்:

"சரிய்யா, பெரிய மனுஷா. நம்ம கல்யாணத்தன்னைக்கும் நீ வாசிச்சுக்கிட்டேதான் இருந்த. மாப்பிள்ள பொண்ணுகூட ஆடுற முதல் ஆட்டம் எனக்கு இன்னும் பாக்கி."